ஐந்து மணி பஸ்ஸும் நான் பார்க்காத முடிவுகளும்

எங்கள் தோட்டத்து வாசிகசாலைப் பிள்ளைகள் வந்து, "கவ்வாத்து மலையில நீங்க சண்டைப் படக் கதை சொன்னதை எழுதிக் குடுங்க தாத்தா, சிரிப்பா இருக்கணும்" என்றார்கள். எழுதுகிறேன். சிரிப்பு முதலில் வரும். பிறகு வராது. சிரிப்பு மட்டும் வேண்டும் என்கிறவர்கள் பாதியில் மடித்து வைத்துவிடலாம். எனக்குக் கோபமில்லை. எனக்கு இருக்கிற கோபம் வேறு.

1. கை வெட்டுப்பட்ட நாள்

நான் கவ்வாத்துக்காரன். பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு மைல் ஏற வேண்டிய தோட்டம். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒரு தடவை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். அதுதான் கவ்வாத்து. ஆண்கள் வேலை. மலைச்சரிவில் ஆளுக்கு ஒரு செடி வரிசை, ஒரு நிரை கொடுப்பார்கள். தோட்டத்தை நடத்தும் துரை சொன்ன கணக்குக்குச் செடி வெட்டி முடித்தால்தான் அன்றைக்குப் பேர் விழும், முழு நாள் கூலி கிடைக்கும். குறைந்தால் அரைப் பேர். குனிந்த முதுகு மதியம் வரை நிமிராது.

கவ்வாத்தில் சேர்ந்த முதல் நாளே இடது கையை வெட்டிக்கொண்டேன். கத்தி புதிது. நான் அதைவிடப் புதிது. ரத்தத்தைப் பார்த்துவிட்டு, எங்களை வேலை வாங்கும் ராமசாமிக் கங்காணி சொன்னார்:

"வெட்டுறதுக்குச் செடி இருக்கு, இவன் கையை வெட்டுறான். டேய், ஒக்காந்து எல்லாரு கத்தியையும் தீட்டு. இவன் நிரைய ஆளுக்குக் கொஞ்சமா வெட்டிப் போடுங்கப்பா. மொத நாளே அரைப் பேர் வாங்கினா பெத்தவ அழுவா."

அப்படியே செய்தார்கள். நான் சாணைக்கல்லை வைத்துக்கொண்டு கத்தி தீட்டினேன். சும்மா தீட்ட முடியவில்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் பார்த்த சண்டைப் படத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"கதாநாயகன் மாறுவேசம் போடுறான். என்னா வேசம்? ஒரு மீசை. அவ்வளவுதான். பெத்த தாய்க்கு அடையாளம் தெரியல. கட்டிக்கப்போற பொண்ணுக்குத் தெரியல. ஊரே தேடுது. குதிரைக்கு மட்டும் தெரிஞ்சிருச்சு!"

"அப்ப குதிரையத்தான் கங்காணியாப் போடணும்" என்றான் ஒருவன், குனிந்தபடியே.

"எவன்டா அது?" என்றார் கங்காணி.

"குதிரைங்க" என்றான்.

இருபது பேரும் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்தார். அந்தக் குதிரைக்காரன்தான் வீரன். ஐம்பதைத் தொட்ட ஆள். கவ்வாத்தில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அன்றைக்கு என் நிரையில் பாதியை அவன்தான் வெட்டினான்.

என் கை பத்து நாளில் ஆறிவிட்டது. அந்த ஏற்பாடு ஆறவில்லை. கத்தி தீட்டிக்கொண்டே நிரைக்கு நிரை நடந்து படம் சொல்வது என் வேலை. என் செடிகளைப் பங்கு போட்டு வெட்டுவது அவர்கள் வேலை. கண்டாக்கையா தலை தெரிந்தால் கங்காணி இருமுவார். நான் பக்கத்துச் செடியில் குனிந்துகொள்வேன். கண்டாக்கு என்றால் மலை வேலை முழுவதையும் பார்க்கும் உத்தியோகத்தர். துரைக்கு அடுத்தபடி எங்களுக்கு அவர்தான் துரை. இப்படியே ஆறேழு வருடம் ஓடியது. எனக்குப் பேரே 'படக்காரன்' என்று ஆகிவிட்டது.

2. முடிவுகள்

மாதம் ஒரு ஞாயிறு என்னை ஹட்டனுக்கு அனுப்புவார்கள். பகல் இரண்டரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம். எங்கள் பக்கம் வரும் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷ் படம் சின்னப் படம். பஸ்ஸுக்கு முன்னால் முடிந்துவிடும். ஆனால் ஒரு வார்த்தை விளங்காது.

"ரயில்ல ஒரு தடியன். ஒரு ஒல்லியன். ரெண்டு பேரும் ஒரு பெட்டிக்கு அடிச்சுக்கிறான். ரயில் கூரை மேல ஏறி அடிச்சுக்கிறான். தொப்பி மட்டும் விழல. என்னா தொப்பியோ!"

"பெட்டிக்குள்ள என்னாண்ணே?" என்பான் மருதை. அவன் இளவட்டம். இரண்டு பிள்ளைக்காரன். கேள்வி கேட்காமல் அவனால் கதை கேட்க முடியாது.

"தெரியாதுடா. தொறக்கவே இல்ல. ஆனா மூணு பேர் செத்தான்."

"தேயிலையா இருக்கும்" என்றான் வீரன்.

தமிழ்ப் படம் வேறு மாதிரி. எல்லாம் விளங்கும். ஆனால் ஐந்தரை மணிக்குத்தான் முடியும். வில்லன் கதாநாயகியைக் கட்டிப்போட்டு, நெருப்பு வைத்து, கதாநாயகன் சுவர் ஏறும்போது நான் எழுந்து ஓட வேண்டும். ஆக, இங்கிலீஷ் படத்துக்கு முடிவு தெரியும், காரணம் தெரியாது. தமிழ்ப் படத்துக்குக் காரணம் தெரியும், முடிவு தெரியாது.

மறுநாள் மலையில் 'பஸ்ஸுக்கு வந்துட்டேன்' என்று சொல்ல முடியுமா? என் நிரையை வெட்டுகிறவர்கள் படத்தின் முடிவுக்கும் சேர்த்துத்தான் வெட்டுகிறார்கள். நானே முடிவு செய்தேன். என் முடிவில் வில்லன் தப்பவே மாட்டான். ஊர் சனம் கம்போடு வந்துவிடும். போலீஸ் சரியான நேரத்துக்கு வரும். ஏழைக்கு நிலம் திரும்பக் கிடைக்கும். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. எங்கள் தோட்டத்திலிருந்து படம் பார்க்கப் போன மற்றவர்களும் அதே ஐந்து மணி பஸ்ஸில்தான் வந்தார்கள். அவர்களும் என்னிடம்தான் முடிவு கேட்டார்கள். "நான் முன் சீட்டு, கொஞ்சம் பிந்தித்தான் எழும்பினேன்" என்று புளுகினேன். அந்த மலை முழுக்க எந்தத் தமிழ்ப் படத்துக்கும் நான் போட்ட முடிவுதான்.

3. துறைமுகப் படம்

அறுபதுகளின் தொடக்கம். ஒரு துறைமுகப் படம் வந்தது. பேர் மறந்துவிட்டது. ஒரு கிளாக்கு, ஆபீஸ் குமாஸ்தா. பயந்த ஆள். அவனுடைய பெரிய ஐயா ஒரு கூலியாளைக் கடலில் தள்ளிவிடுவதைப் பார்த்துவிடுகிறான். பெரிய ஐயா அவனுக்குக் கார் தருகிறேன் என்கிறார், பங்களா தருகிறேன் என்கிறார். நடுவில் நாலு சண்டை. பயந்த கிளாக்குக்கு எப்படி அத்தனை குத்துத் தெரியும் என்று கேட்காதீர்கள். கடைசியில் அவன் கோர்ட்டுப் படியில் முதல் காலை வைக்கிறான். எனக்கு பஸ்.

மறுநாள் மலையில் நான் சொன்ன முடிவு இது:

"ஏறுறான்யா. ஒண்டியாத்தான் ஏறுறான். ஜட்ஜு கேக்குறாரு, வேற யாரும் பாத்தாங்களான்னு. சத்தமில்ல. கெளவி ஒருத்தி எழும்புறா. 'நானும் பாத்தேன் சாமி.' அப்பறம் ஒருத்தன். 'நானும் பாத்தேன்.' தொறமொகமே எழும்பிருச்சு! பெரிய ஐயாவுக்கு வெலங்கு!"

கத்திகள் நின்றுவிட்டன. இருபது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கங்காணிகூட இருமவில்லை. மருதைக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை முடிந்து இறங்கும்போதும் கேட்டான்:

"மொத ஆளு எழும்பினாத்தான் மத்தவனும் எழும்புவான். இல்லண்ணே?"

"ஆமாடா" என்றேன். எனக்கென்ன, வாய்தானே.

4. கல்கான்

இரண்டு மாதம் கழிந்திருக்கும். மழை விட்ட காலை. மலையின் ஓரத்தில் ஒரு கான் போகும். தண்ணீர் ஓடுவதற்குக் கல் கட்டிய கான். ஓர் ஆள் ஆழம். என் நிரை அதன் கரையோடு போனது. அன்றைக்கு என் நிரையில் வீரனுக்கு முறை. அவன் தன் நிரையைப் பாதியில் விட்டுவிட்டு என் செடிகளை வெட்டிக்கொண்டிருந்தான். மருதை அடுத்த நிரையில். நான் மூன்று செடி தள்ளி, சாணைக்கல்லோடு நின்றேன். மற்றவர்கள் மேலே திருப்பத்துக்கு அந்தப் பக்கம். கங்காணியும் அங்கேதான்.

கண்டாக்கையா கீழே இருந்து வந்தார். எப்போதும் மேலே இருந்து வருகிறவர். அதனால் இருமல் கேட்கவில்லை.

"யாருடா இந்த நிரைக்காரன்?"

"நாந்தாங்கய்யா" என்றான் வீரன்.

"ஒன் நிரை மேல பாதியில நிக்குது. இது யாருது?"

"ரெண்டையும் நாந்தாங்க பாக்குறேன்."

கண்டாக்கையா என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த கல்லைப் பார்த்தார்.

"ஓகோ. கதை கேட்டுக்கிட்டு ஆள் மாறாட்டமா? துரை ஒங்கப்பன் வீட்டுப் பேரா போடுறாரு?"

"செடி வெட்டி முடிஞ்சா சரிதானுங்களே ஐயா. ஆளா முக்கியம்?" என்றான் வீரன். பணிவாகத்தான் சொன்னான். எதிர்த்துச் சொல்லவில்லை.

கண்டாக்கையா இரண்டு கையையும் அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். வீரன் ஒரு அடி பின்னால் வைத்தான். அடுத்த அடிக்குத் தரை இல்லை. கானுக்குள் கல் மேல் விழுந்தான். அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

கண்டாக்கையா எட்டிப் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பினார். "வழுக்கிட்டான். பாத்தீங்கதானே. மழைத் தரை, வழுக்கிட்டான்."

படங்குச் சாக்கு இரண்டை முடிந்து கம்பு கோத்து வீரனைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தான். பிறகு ஒரு கம்பை ஊன்றி, எங்கள் வரிசை வீடான லயத்தின் வாசல் வரை நடப்பான். மலை ஏறவில்லை, சாகும் வரை.

தோட்டத்து ஆபீஸ் புத்தகத்தில், வேலையாள் தன் கவனக்குறைவால் வழுக்கி விழுந்தார் என்று எழுதினார்கள். கவனக்குறைவு என்றால் நட்டஈடு இல்லை. எங்கள் தொழிற்சங்கம் விடவில்லை. ஹட்டனில் லேபர் ஆபீசர் முன்னால் விசாரணை வைத்தார்கள். வீரன் தன் வழக்குக்குத் தானே சாட்சியாக முடியாது என்றார்கள். மிச்சம் சாட்சி இரண்டே பேர். மருதையும் நானும்.

5. விசாரணை

விசாரணைக்கு முதல் நாள் மருதை லயத்தில் என் காம்பராவுக்கு, ஒற்றை அறை வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, பயமாத்தான் இருக்கு. ஆனா நான் சொல்லிருவேன். அந்தக் கிளாக்கு மாதிரி மொத ஆளா நான் எழும்புறேன். நீங்க எழும்புங்க. அது போதும்."

"வாறேன்டா" என்றேன்.

அவன் போன பிறகு கணக்கப்பிள்ளை வந்தார். கண்டாக்கையா அனுப்பியிருந்தார். நல்ல மாதிரித்தான் பேசினார்.

"தம்பி, ஒன்னைக் கேப்பாங்க, ஒன் நிரையில வீரன் ஏன் நின்னான்னு. என்னா சொல்லப் போற? ஆறு வருசமா செடி தொடாமப் பேர் வாங்கினேன்னு சொல்லுவியா? சொன்னா வீரனுக்கு முன்னாடி ஒன் சீட்டுத்தான் கிழியும். யோசிச்சுக்க. காம்பராவ விட்டு எங்க போவ?"

அப்போது நாங்கள் போக வேறு இடம் கிடையாது. இந்த நாட்டில் பிறந்தோம், இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இந்தியாவில் எங்களை யாருக்கும் தெரியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராதான் எங்கள் ஊரும் நாடும். அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம். பயந்தேன். இதை நியாயம் என்று சொல்ல வரவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

லேபர் ஆபீசில் மருதை முதலில் போனான். எல்லாவற்றையும் சொன்னான். கை எங்கே வைத்தார், என்ன சொன்னார், எல்லாம். கண்டாக்கையா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"நீ எங்க நின்னே?"

"பக்கத்துல ஐயா."

"இவர் தள்ளினதைப் பாத்தியா?"

மருதை என்னையே பார்த்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. மலையில் கதை கேட்கும்போது அப்படித்தான் நிற்பான்.

"நான் குனிஞ்சு வெட்டிக்கிட்டு இருந்தேன் ஐயா. பாக்கல."

ஆறு வருடம் குனியாதவன் சொன்னேன், குனிந்துகொண்டிருந்தேன் என்று.

ஒரு சாட்சி போதாது என்றார்கள். புத்தகத்தில் எழுதியதே நின்றது.

திரும்பி வருவதற்கும் அதே ஐந்து மணி பஸ்தான். சங்கத்துத் தலைவர் என் பக்கம் உட்காரவில்லை. மருதை எனக்கு முன் சீட்டில் இருந்தான். நோர்வூட் தாண்டியதும் திரும்பாமலே கேட்டான்:

"அண்ணே, அந்தத் தொறமொகப் படம் நெசமா எப்பிடி முடிஞ்சுச்சு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பஸ்ஸுக்கு வந்துட்டேன்டா."

"அப்ப ஒங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

"கெளவி?"

"கெளவியே இல்ல."

அவன் தலையை ஆட்டினான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தக் கெளவி நல்லாருந்தாண்ணே" என்று மட்டும் சொன்னான்.

ஒரு மாதத்துக்குள் அவன் காம்பராவைச் சோதனை போட்டார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் கவ்வாத்துக் குச்சி ஒரு கட்டு கிடந்தது. தோட்டத்து விறகைத் திருடினான் என்று பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டு கையில் வந்தால் வேலையும் போச்சு, வீடும் போச்சு. கவ்வாத்து வெட்டுகிற ஒவ்வொருவன் வீட்டிலும் அந்தக் குச்சிதான் எரிந்தது. கண்டாக்கையா வீட்டு வெந்நீர் அடுப்பிலும் அதுதான் எரிந்தது. வேறு தோட்டத்தில் அவனை யாரும் எடுக்கவில்லை. பெண்சாதி பிள்ளைகளோடு வவுனியாப் பக்கம் போனான். ஹட்டன் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப நான் போகவில்லை. எந்த மூஞ்சியோடு போவது? போகிறதுக்கு முன்னால் கங்காணியிடம் ஒரு சொல் சொல்லி வைத்துவிட்டுப் போனானாம்: "படக்காரண்ணன் அந்தப் படத்தை எப்பவாச்சும் முழுசாப் பாத்தா, முடிவை வீரண்ணன்கிட்ட சொல்லச் சொல்லுங்க. நான் பொறகு கேட்டுக்கிறேன்."

விசாரணைக்கு மறுநாளே, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எனக்கு நிரை கொடுத்தார்கள். நான் சாணைக்கல்லை எடுத்தேன். என் நிரைப் பக்கம் ஒருவனும் திரும்பவில்லை. கல்லைக் கீழே வைத்துவிட்டுக் கத்தியை எடுத்துக் குனிந்தேன். அன்றைக்கு அரைப் பேர்தான் விழுந்தது. சரிதான்.

6. மிச்சம் அரை மணி நேரம்

அடுத்த வருடம் தீபாவளிக்கு அந்தப் படம் தலவாக்கலையில் திரும்ப ஓடியது. காலை ஆட்டம். போனேன். முதல் இரண்டரை மணி நேரத்தை எப்படிப் பார்த்தேன் என்று தெரியாது. கிளாக்கு கோர்ட்டுப் படியில் காலை வைத்தான். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

ஏறவே இல்லை. ஒருவன் ஓடி வந்து, பெரிய ஐயா தப்பி ஓடுகிறார் என்கிறான். கிளாக்கு படியை விட்டு இறங்கித் துறைமுகத்துக்கு ஓடுகிறான். பத்து நிமிடம் சண்டை. பெட்டிகள் உடைகின்றன. வில்லன் ஒரு கிரேன் மேல் ஏறுகிறான். எண்ணெயில் கால் வழுக்குகிறது. விழுந்து சாகிறான். கிளாக்குக்குக் கல்யாணம். சுபம். கோர்ட்டும் இல்லை, ஜட்ஜும் இல்லை, சாட்சியும் இல்லை. சனம் கைதட்டிக்கொண்டு வெளியே போனது. நான் உட்கார்ந்தே இருந்தேன். கூட்டுகிறவன் வந்து எழுப்பினான்.

அங்கிருந்து நேரே வீரன் லயத்துக்குப் போனேன். அவன் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தான். விசாரணைக்குப் பிறகு அவனிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் என்னைப் போ என்று சொல்லவில்லை. முடிவைச் சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு சிரித்தான். அன்றைக்குக் குதிரை என்று சொல்லிச் சிரித்த அதே சிரிப்பு.

"வழுக்கி விழுந்துட்டானா?"

"ஆமா."

"நல்லாப் பாத்தியா? பின்னால யாரும் நிக்கலயா?"

"யாரும் இல்ல. நல்லாப் பாத்தேன்."

"தானாவே வழுக்கிட்டான்?"

"தானாவேதான்."

வீரன் கம்பால் தரையைக் கீறினான். "சரி. இதையாவது நல்லாப் பாத்திருக்க" என்றான்.

அதற்குப் பிறகு நான் மலையில் படம் சொல்லவில்லை. ஓய்வு பெறும் வரை என் நிரையை நான்தான் வெட்டினேன். மருதை திரும்பி வரவில்லை. வீரன் இறந்து வெகு காலமாகிறது. அந்தக் கண்டாக்கையா பென்ஷன் வாங்கிக்கொண்டு சுகமாகப் போய்ச் சேர்ந்தார். எதிலும் வழுக்கவில்லை.

பிள்ளைகளே, அனுபவத்திலிருந்து ஒரு பாடம் எழுத வேண்டும் என்றீர்கள். கதை சொல்லுங்கள். சிரிக்க வையுங்கள். ஆனால் பஸ்ஸுக்கு எழுந்து வந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். மிச்சம் தெரியாது என்று சொல்வதால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். பார்த்ததைக் கேட்கும்போது மட்டும் வாயை மூடாதீர்கள். நான் இரண்டையும் தலைகீழாகச் செய்தவன்.

லேபர் ஆபீசர் கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது. கேட்டவரும் இல்லை, அந்த ஆபீசும் அந்த இடத்தில் இல்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

நான் குனிந்திருக்கவில்லை. மூன்று செடி தள்ளி நின்றேன். வீரன் வழுக்கவில்லை. கண்டாக்கையா இரண்டு கையாலும் தள்ளினார். நான் பார்த்தேன்.